கோயிலை இடித்தது யார்? – மிஷன் வீதியின் வரலாற்றை வகுப்பில் நடத்திய அனுபவம்

எட்டாம் வகுப்பில் கர்நாடகப் போர்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. டூப்ளே, லபூர்தொனே, பாஸ்கவன் என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பாதிப் பிள்ளைகளின் கண்கள் சொருகத் தொடங்கின. கொஞ்சம் ஆர்வம் வரட்டும் என்று நினைத்து, பாடத்தில் இல்லாத ஒரு செய்தியைச் சொன்னேன்.

“மிஷன் வீதியில் சம்பாக் கோயில் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் அதற்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல் அதை இடித்துவிட்டார்கள்.”

வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. “யாரு டீச்சர் இடிச்சது?” என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். “அப்போதைய பிரெஞ்சு அரசாங்கம். சேசு சபைக் குருமார்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்” என்றேன். அவன் சட்டென்று பக்கத்தில் இருந்த நண்பனைத் திரும்பிப் பார்த்து, “உங்க ஆளுங்கதானாடா?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். வகுப்பு சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

மறுநாள் அந்த நண்பன் அதே பெஞ்சில் இல்லை. கடைசி வரிசைக்குப் போயிருந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே உட்கார்ந்த பிள்ளைகள் அவர்கள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தேன். மீதியைச் சொல்லாமல் விட்டால், அந்தப் பாதிதான் அவர்கள் மனத்தில் முழு வரலாறாக நிற்கும். ஆகவே அந்த வாரம் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, மிஷன் வீதியின் கதையை நானே முதலில் ஒழுங்காகப் படித்தேன். பிறகு நான்கு பாடவேளைகளிலும் ஒரு சனிக்கிழமை நடையிலும் அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் முதலில் அறிய வேண்டியவை

புதுச்சேரியில் சேசு சபையினர் தங்கள் முதல் தேவாலயத்தை 1692இல் கட்டினர். பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் பண உதவி அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே, 1693இல், டச்சுக்காரர்கள் புதுச்சேரியைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். அந்தத் தாக்குதலில் தேவாலயம் அழிந்தது. பின்னர் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் வரைந்த நகர வரைபடத்தின் தொடர்ச்சிதான் இன்று நாம் நடக்கும் நேர்கோட்டு வீதிகள். இடித்தவர்களே வீதிக்குக் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்டார்கள்.

1699இல் இரண்டாவது தேவாலயம் அவசரமாக எழுப்பப்பட்டது. 1728 முதல் 1736 வரை மூன்றாவது தேவாலயம் பெரிதாகக் கட்டப்பட்டது. அது புனித பவுல் பெயரால் அமைந்தது. போர்த்துகீசிய மொழியில் ‘சான் பவுலோ’ என்று வழங்கிய பெயர் மக்கள் வாயில் ‘சம்பா’ ஆயிற்று. இன்றும் நம் பாட்டிமார் சம்பாக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தத் தேவாலயத்தின் மதிலை ஒட்டியே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. புதுச்சேரிக்கு வேதபுரி என்றும் ஒரு பெயர் உண்டு என்பதை மாணவர்கள் அறிவார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய இறைவனின் கோயில் அது. இரண்டு வழிபாட்டிடங்களும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் உரசல் ஓயவில்லை. கோயிலை அகற்ற வேண்டும் என்று சேசு சபையினர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் முயன்றார்கள். முந்தைய ஆளுநர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இது தமிழர்களின் நாடு, கோயிலில் கைவைத்தால் வணிகர்களும் நெசவாளர்களும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், வணிகம் நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் சமயப் பொறை மிக்கவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. துணி வணிகத்துக்காகத்தான் பிரெஞ்சுக் கம்பெனி இங்கு வந்தது. துணி நெய்பவரும் விற்பவரும் போய்விட்டால் கம்பெனிக்கு இங்கு வேலை இல்லை.

1748இல் நிலைமை மாறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்திருந்தது. அதற்குப் பதிலடியாக ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பெரும்படையோடு வந்தார். கடலூர்ப் பக்கமிருந்து வடக்கே வந்த அந்தப் படை முதலில் தாக்கியது எங்கள் பக்கத்து ஊரான அரியாங்குப்பத்தில் இருந்த கோட்டையை. ஆகஸ்டு மாதம் அங்கே வெடிமருந்து வெடித்துப் பலர் இறந்தனர். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைத் தாங்களே தகர்த்துவிட்டு நகருக்குள் பின்வாங்கினார்கள். கடலூரிலிருந்து வந்த படை சுண்ணாம்பாற்றைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சொன்னபோது, நோணாங்குப்பம் பிள்ளைகளுக்குப் போர் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. “எங்க வீட்டுக்குப் பின்னாடியா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவரை கர்நாடகப் போர் அவளுக்குக் கர்நாடகா மாநிலத்தில் நடந்த போர்.

நகரம் முற்றுகையில் இருந்தது. மக்களில் பலர் வெளியேறிவிட்டார்கள். வணிகம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. முந்தைய ஆளுநர்களைத் தடுத்த அச்சத்துக்கு இப்போது வலுவில்லை. நகரத்தின் பாதுகாப்பு என்ற காரணமும் கையில் இருந்தது. ஆளுநர் டூப்ளேயின் மனைவியும் சேசு சபையினரும் நெடுநாள் விரும்பியதற்கு ஆட்சி மன்றம் இசைந்தது. செப்டம்பர் 7, 8 தேதிகளில் படைவீரர்கள் காவல் நிற்க, மண்வெட்டியும் கூடையுமாகக் கொத்தனார்களும் கூலியாட்களும் இறக்கப்பட்டுக் கோயில் இடிக்கப்பட்டது. நிர்வாகிகளால் உற்சவ மூர்த்திகளைக் காளத்தீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துச் செல்ல மட்டுமே முடிந்தது. அடுத்த மாதமே, மழைக்காலம் தொடங்கியதும், ஆங்கிலப் படை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. முற்றுகை போய்விட்டது. கோயிலும் போய்விட்டிருந்தது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். ஆனால் அந்த வீதியின் கதை அங்கே முடியவில்லை.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். மூன்று ஆண்டுகளுக்குள் காற்று திசை மாறியது. பல மாத முற்றுகைக்குப் பின், 1761 ஜனவரி 16இல், பட்டினியால் வாடிய புதுச்சேரி ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. சென்னை ஆளுநர் பிகட் நகரை இடிக்க உத்தரவிட்டார். கோட்டை, ஆளுநர் மாளிகை ஆகியவற்றோடு சம்பாக் கோயிலும் இடிக்கப்பட்டது. வேதபுரீஸ்வரர் கோயில் இடிந்து 13 ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. வெள்ளிக்கோளின் இடைநகர்வைப் பார்க்க 1768இல் இங்கு வந்த பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ஜாந்தீல், இடிந்து கிடந்த மாளிகையின் மேல்தான் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். இதை அறிவியல் ஆசிரியர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

இதே ஆண்டுகளில் சென்னையிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணைபோனார்கள் என்ற ஐயத்தால், கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் குருமார்களின் தேவாலயத்தை ஆங்கிலேயர் 1752இல் இடித்தார்கள். கோட்டைக்கு முன்னே பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இடித்தார்கள். அந்தக் கோயிலுக்கு மாற்றிடமும் பணமும் தந்து, 1762 முதல் பூக்கடைப் பகுதியில் மீண்டும் கட்டச் செய்தார்கள்.

புதுச்சேரியிலும் இரண்டும் மீண்டும் எழுந்தன. வேதபுரீஸ்வரர் கோயில் மக்களின் நன்கொடையால், சற்றுத் தள்ளி, இன்று ஈஸ்வரன் கோயில் வீதி எனப்படும் இடத்தில் கட்டப்பட்டது. சம்பாக் கோயில் பழைய இடத்திலேயே 1770இல் தொடங்கி 1791இல் முடிந்தது. இன்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

சான்று எங்கிருந்து வந்தது?

1748ஆம் ஆண்டு நிகழ்வு நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்த இவர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். 1736 முதல் 1761 ஜனவரியில் தாம் இறக்கும்வரை, நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்புவரை, அவருடைய நாட்குறிப்பு நீள்கிறது. குடும்பத்தார் வீட்டில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படிகளை 1846இல் கலுவா மோன்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டறிந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறியது அதற்குப் பிறகுதான்.

நாட்குறிப்பை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஆசிரியர் மனத்தில் வைக்க வேண்டியவை சில உண்டு. பிள்ளை சைவக் கோயில் நிர்வாகி அல்லர், வைணவர். கோயில் இடிந்ததில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது. அதே சமயம் டூப்ளேயின் மனைவியோடு அவருக்குத் தீராத பகை. துபாஷிப் பதவியில் அவருக்குப் போட்டியாக இருந்தது ஒரு கிறித்தவக் குடும்பம். இடிப்புக்கு உத்தரவிட்ட ஆளுநரிடமே அவர் ஊழியம் பார்த்தார். ஆகவே அவர் எழுதியதை ஒரே அடியாகத் தள்ளவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்க வேண்டும்.

அந்தச் சாட்சி வேறு செய்திகளையும் சொல்கிறார். அவற்றில் மூன்றை நான் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்று, 1745ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. சம்பாக் கோயிலுக்கு உள்ளே சாதிக் கிறித்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் குருவிடம் சென்று, நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று முறையிட்டார்கள். குரு அதை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் கோபப்பட்டார்கள், தகராறு தொடர்ந்தது.

இரண்டு, அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் உழவர்கரையில் புனித அந்திரேயா பெயரில் ஒரு தேவாலயம் கட்டினார். அதன் திருவிழாவுக்கு எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவர் வழக்கப்படி தனித்தனியே சமைக்கச் செய்து விருந்து வைத்தார். இந்துக்களும் போனார்கள்.

மூன்று, 1748இல் கோயில் இடிக்கப்பட்ட அதே நேரத்தில் நடந்தது. பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்கும் பேச்சு எழுந்தது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் ஆளுநரிடம் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். முற்றுகை நேரத்தில் சிப்பாய்களை இழக்க ஆளுநரால் முடியாது. பள்ளிவாசல் தப்பியது.

வகுப்பில் நடத்திய விதம்

முதல் பாடவேளையில் ‘கோயில்’ என்ற சொல்லில் தொடங்கினேன். மாதா கோயில், ஈஸ்வரன் கோயில், அம்மன் கோயில், சம்பாக் கோயில் என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். “பார்த்தீர்களா, நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அப்படியானால் ‘கோயிலை இடித்தது யார்’ என்று கேட்டால் எந்தக் கோயில் என்று முதலில் கேட்க வேண்டும்” என்றேன். பிறகு கரும்பலகையில் காலக்கோடு வரைந்து 1692, 1693, 1736, 1745, 1748, 1761, 1791 ஆகிய ஆண்டுகளைக் குறித்தோம். இடைவெளிகளைப் பிள்ளைகளே கழித்துச் சொன்னார்கள். நாட்குறிப்பில் தமிழ் ஆண்டும் வருவதால் ஒரு சிறு கணக்கும் கொடுத்தேன். 1988 சித்திரையில் பிறந்தது விபவ ஆண்டு. 60 ஆண்டுச் சுழற்சியில் பின்னோக்கிப் போனால் 1748இல் பிறந்தது என்ன ஆண்டு? நான்கு முறை 60ஐக் கழித்து விபவ என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

இரண்டாம் பாடவேளையில் ஓர் அட்டவணை கொடுத்தேன். 1693, 1745, 1748, 1761 என்று நான்கு வரிசைகள். எது இடிந்தது, யார் உத்தரவு, உத்தரவிட்டவர் மதம், காரணம் என்று நான்கு கட்டங்கள். குழுவாக நிரப்பச் சொன்னேன்.

மூன்றாவது கட்டத்தை வைத்தது என் தவறு என்று நிரப்பத் தொடங்கியதும் பயந்தேன். எந்தக் கேள்வியிலிருந்து பிள்ளைகளை நகர்த்த நினைத்தேனோ அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டேனே என்று தோன்றியது. ஆனால் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், இந்தக் கட்டத்துல மட்டும் நாலு வரிசைக்கும் ஒரே பதில்தான் வருது. டச்சுக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க எல்லாருமே கிறித்தவங்கதான். சுவரை எடுத்தவரும் சாமியார்தான். அப்ப இந்தக் கட்டம் எதுக்கு?” என்றாள்.

நான் சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும். அவளே கண்டுபிடித்ததால் வகுப்பு யோசித்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சீர்திருத்தச் சபையினர், பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கர், ஆகவே அவர்களுக்குள்ளும் பகை உண்டு என்று நான் விளக்கினேன். அது உண்மைதான். சமயம் இதில் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 1748இல் அந்தக் கோயில் குறிவைக்கப்பட்டதற்குச் சமயப் பகையே முதல் காரணம். ஆனால் 50 ஆண்டுகள் நடக்காதது அந்த ஆண்டில் ஏன் நடந்தது என்பதற்கு அந்தக் கட்டத்தில் விடை இல்லை. ஒரே சமயத்தார் ஒரு கோயிலைக் கட்டினார்கள், இன்னொரு முறை இடித்தார்கள், மற்றொரு முறை உள்ளே இருந்த சுவரை எடுத்தார்கள். அட்டவணையில் பதில் மாறிக்கொண்டே இருந்த கட்டங்கள்தான் நமக்கு எதையாவது சொல்கின்றன என்று முடிவுக்கு வந்தோம்.

அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, பிள்ளைகளோடு பேசி நான்கு கேள்விகளை எழுதினோம்.

1. முடிவெடுத்தவர் யார்? அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?
2. அந்த ஆண்டில், அந்த மாதத்தில் ஏன்?
3. இழந்தவர் யார்? அவரிடம் கேட்டார்களா?
4. இது நமக்கு எப்படித் தெரியும்? எழுதியவர் யார், எழுதாமல் போனவர் யார்?

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தபோது பள்ளிவாசல் ஏன் தப்பியது என்பது பிள்ளைகளுக்கே புரிந்தது. ஆளுநருக்குச் சிப்பாய்கள் தேவை. வணிகர்களின் தேவை அந்த மாதத்தில் குறைந்திருந்தது. 1745இல் இடிந்த சுவர் மற்ற மூன்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதும் மூன்றாம் கேள்வியில் தெரிந்தது. அங்கே இடிக்கும்படி கேட்டவர்கள், அந்தச் சுவரால் ஒதுக்கப்பட்டவர்கள்.

மூன்றாம் பாடவேளை முழுவதும் நான்காம் கேள்விக்கு. ஆனந்தரங்கப் பிள்ளை யார், யாருக்கு நண்பர், யாருக்குப் பகை என்று ஒரு வட்டம் வரைந்தோம். பிறகு, “இதே நாளைப் பற்றி வேறு யாரெல்லாம் எழுதியிருக்கலாம்?” என்று கேட்டேன். குரு, டூப்ளேயின் மனைவி, குருக்கள், கோயிலில் பூக்கட்டியவர், படைவீரர் என்று பட்டியல் வந்தது. ஒரு மாணவன், “கூடை தூக்குன கூலிக்காரர் எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பாரு?” என்றான். அவனுடைய அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். போகமாட்டேன் என்று அந்தக் கூலியாள் சொல்லியிருக்க முடியுமா என்று வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது. முடியும், முடியாது என்று இரண்டு கட்சி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நடை

பெற்றோரின் ஒப்புதலோடு, தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் நகருக்குப் போனோம். சம்பாக் கோயில் வாசலில் தொடங்கினோம். முகப்பைப் பார்த்து வரையச் சொன்னேன். பக்கத்து இடத்தைக் காட்டி, “இங்கே ஒரு கோபுரம் இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் மேளம்” என்றேன். அங்கிருந்து ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கிய வீதியில் அவருடைய மாளிகையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஈஸ்வரன் கோயில் வீதிக்குப் போனோம்.

ஈஸ்வரன் கோயில் வாசலில் சில பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வர விரும்புவோர் வரலாம், மற்றவர்கள் கோபுரத்தை வெளியிலிருந்து வரையலாம் என்றேன். முன்பு சம்பாக் கோயிலிலும் இதையேதான் சொல்லியிருந்தேன். இரண்டு இடத்துக்கும் ஒரே விதி என்பதைப் பிள்ளைகள் கவனித்தார்கள்.

கடைசியாகக் கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களுக்கு அடியில் எத்தனையோ முறை ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறார்கள். செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு அங்கிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை என்றதும் தடவிப் பார்த்தார்கள். “அப்ப செஞ்சியில அந்த எடம் காலியா இருக்குமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். நான்கு கேள்விகளில் மூன்றாவதை அவள் பிடித்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

நான்காம் பாடவேளையில் எழுத்துப்பணி. ‘1761இல் சம்பாக் கோயில் இடிந்தபோது, 1748ஐ நினைவில் வைத்திருந்த ஒரு முதியவர் தம் பேத்தியிடம் என்ன சொல்லியிருப்பார்?’ என்பது தலைப்பு. நல்லா வேணும் என்று சொல்லியிருப்பார் என்று சிலர் எழுதினார்கள். அப்படி எழுதக் கூடாது என்று நான் திருத்தவில்லை. அந்தக் காலத்தில் அப்படி நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன். பசியால் ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் அதை நினைக்க நேரம் இருந்திருக்காது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

நண்பர்களின் கவனத்துக்குச் சில

இதே பாடத்தையோ இதைப் போன்ற ஒன்றையோ நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில குறிப்புகள்.

நிகழ்ந்ததை மறைக்க வேண்டாம். நாம் சொல்லாவிட்டால் கைப்பேசியில் யாரோ ஒருவர், பாதியை மட்டும், கோபத்தோடு சொல்வார். அப்போது பிள்ளையிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்காது.

அதே சமயம் நாட்குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் எட்டாம் வகுப்பில் வாசிக்க வேண்டியதில்லை. வழிபாட்டுப் பொருட்கள் அவமதிக்கப்பட்ட விவரங்களை நான் தவிர்த்தேன். மேல்நிலை வகுப்பில், சான்றை ஆராயும் பயிற்சியோடு அதைப் பேசலாம்.

எந்த மாணவரையும் ஒரு சமயத்தின் சார்பாகப் பேசச் சொல்லக் கூடாது. “நீ சொல்லு, உங்க கோயிலைப் பற்றி” என்று அன்போடு கேட்டாலும் அது பிள்ளையைத் தனியே நிறுத்துகிறது. இடிப்பதையோ காப்பதையோ நாடகமாக நடிக்கவைக்கவும் வேண்டாம்.

‘நாம்’, ‘அவர்கள்’ என்ற சொற்களில் கவனம் தேவை. நான் முதல் நாள் செய்த பிழையே அதுதான். ‘இடித்துவிட்டார்கள்’ என்று எழுவாய் இல்லாமல் சொன்னேன். எழுவாயைப் பிள்ளைகளே பக்கத்து பெஞ்சில் தேடிக்கொண்டார்கள். பெயரும் பதவியும் ஆண்டும் சொல்லுங்கள். ஆளுநர் டூப்ளே, ஆளுநர் பிகட் என்று சொன்னால் யாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், “நம் ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாத கட்டடம் எது? பாட்டி தாத்தாவிடம் கேட்டு வா” என்று சொன்னாலே போதும். பழைய சாவடி, தூர்ந்த குளத்தின் படிக்கட்டு, ஓடு வேய்ந்த பழைய பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்று ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும். யார் முடிவெடுத்தார், ஏன் அப்போது, யார் இழந்தார், எப்படித் தெரியும் என்ற கேள்விகள் அதற்கும் பொருந்தும்.

கடைசி வரிசைக்குப் போன அந்தப் பையன் சனிக்கிழமை நடைக்கு வந்திருந்தான். கடற்கரையில் இரண்டு பேரும் ஒரே சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். திங்கட்கிழமை அவன் மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டான். பாடத்தால் வந்தானா, சுண்டலால் வந்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வேறொரு பாடத்தில் ஒரு கோட்டை தகர்க்கப்பட்டதைச் சொன்னபோது, முதலில் கை தூக்கியது அவனுடைய நண்பன்தான். “யார் உத்தரவு போட்டாங்க டீச்சர்?” என்று கேட்டான்.

இந்தக் கேள்விகளை உங்கள் ஊர்க் கட்டடம் ஒன்றை வைத்து முயன்று பாருங்கள். அங்கே பிள்ளைகள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை இந்த இதழில் எழுதுங்கள்.